உதயகிரிக் கோட்டை மதிலுக்குச் சுண்ணாம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையின் மதிலில் ஆலும் அரசும் முளைத்து வளர்வதைப் பற்றி எழுதுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அவற்றை வேரோடு எடுத்துவிட்டு, சாந்து உதிர்ந்துபோன கல்லிடுக்குகளில் புதிதாகச் சாந்து வைக்க வேண்டும். அந்தச் சாந்து சுண்ணாம்பாக இருக்க வேண்டும், சிமென்ட் வேண்டாம். இவ்வளவுதான் என் கோரிக்கை. காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும். இடம் இல்லையென்றால் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் கொத்தனார். வில்லுக்குறிப் பக்கம் வீடு. எழுபதுகளில் மைக்காட்டு வேலைக்குப் போய், சாந்துச் சட்டி சுமந்து, அப்புறம் கரண்டி பிடித்தவன். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசான் சுண்ணாம்புக் காலத்து ஆள். நான் தலையெடுக்கும்போது சிமென்ட் காலம் வந்துவிட்டது. அதனால் இரண்டு சாந்தும் கைக்குப் பழக்கம். இதைச் சொல்லக் காரணம், இந்தக் கடிதத்தில் சரித்திரமும் வரும், சாந்தும் வரும். சரித்திரம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. சாந்து சொந்தச் சரக்கு.

மகள் குடும்பம் புதுச்சேரியில் இருக்கிறது. அண்மையில் போயிருந்தபோது, பிளஸ் ஒன் படிக்கிற பேரன், "பாட்டா, இங்க பிரெஞ்சுக்காரங்க கட்டின பெரிய கோட்டை ஒண்ணு இருந்திருக்கு, இடிஞ்ச சுவராவது இருக்கும், பார்க்கலாம் வாங்க" என்று கூப்பிட்டான். கோட்டை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கிளம்பிவிட்டோம்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நெடுநெடுவென்று கருங்கல் தூண்கள் நிற்கின்றன. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை என்கிறார்கள். ஒரே கல்லில் செதுக்கிய தூண். எப்படி வண்டியேற்றியிருப்பார்கள், எப்படி நிறுத்தியிருப்பார்கள் என்று நான் அங்கேயே நின்றுவிட்டேன். பேரன் கையைப் பிடித்து இழுத்துப் போனான். போய்ச் சேர்ந்த இடம் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளையாக ஆயி மண்டபம், எதிரில் ஆளுநர் மாளிகை, மர நிழலில் படுத்துத் தூங்குகிற ஜனம். "இங்கதான் கோட்டை" என்றான் பையன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். மதில் கிடையாது, அகழி கிடையாது. இடிந்த மூலை என்று சொல்ல ஒரு கல் வரிசைகூட என் கண்ணில் படவில்லை.

அந்தக் கோட்டையின் கதையைப் பையன் போனில் படித்துச் சொன்னான். ஊருக்கு வந்து நானும் நூலகத்தில் தேடி வாசித்தேன். 1693-ல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்து, 1699-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சூடு கண்ட பிரான்சுவா மார்த்தேன் என்கிற கவர்னர், இனி இப்படி நடக்கக் கூடாது என்று பலமான கோட்டை ஒன்றை எழுப்பினார். 1706-ல் முடிந்தது. ஐந்து மூலை. மூலைக்கு மூலை கூர்மையாக வெளியே நீட்டிய கொத்தளம். பிரான்சில் வோபான் என்று ஒரு பெரிய கோட்டைப் பொறியாளர் இருந்தாராம், அவர் வழியில் போட்ட வரைபடம். லூயி கோட்டை என்று அரசர் பெயரையே வைத்தார்கள். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே இருந்து ஆண்டது அங்கேதான். ஆனந்தரங்கப் பிள்ளை தினமும் போய்வந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்ததும் அந்தக் கோட்டையைச் சுற்றித்தான். 1748-ல் ஆங்கிலேயர் வந்து முற்றுகை போட்டு, ஒன்றும் முடியாமல் திரும்பிப் போனார்கள்.

1760-ல் மறுபடி வந்தார்கள், அயர் கூட் என்கிற தளபதி தலைமையில். இந்தத் தடவை உள்ளே சோறு இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். 1761 ஜனவரி 16 அன்று பிரெஞ்சுப் படைத் தலைவர் லாலி சரணடைந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்துபோனார். ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததோடு நிற்கவில்லை. கோட்டையையும் ஊரையும் வெடி வைத்தும் கடப்பாரை போட்டும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1758-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி பிடித்து இடித்திருந்தார் அல்லவா, அந்தக் கணக்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். பின்னால் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்கே திரும்ப வந்தது. வீடுகளைக் கட்டினார்கள், தெருக்களை நூல் பிடித்த மாதிரி போட்டார்கள். அந்தக் கோட்டை மட்டும் திரும்ப வரவில்லை. லாலியைச் சொந்த நாட்டுக்காரர்களே விசாரித்து 1766-ல் பாரீசில் தலையை வெட்டினார்கள்.

சரி, இடித்த கல்லும் செங்கல்லும் எங்கே போயிருக்கும்? என் தொழில் புத்திக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். கட்டடம் இடிகிற இடத்தில் நல்ல கல்லை எவனும் விட்டுவைக்க மாட்டான். அந்த ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்கள் எதிலாவது பாதி இருக்கும். பேரனிடம் சொன்னேன், அவனுக்கு அதில் சுவாரசியம் இல்லை. இடிந்த கோட்டையைப் பார்க்க வந்து பூங்காவைப் பார்த்துவிட்டோமே என்று அவனுக்கு முகம் தொங்கிவிட்டது.

திரும்பி வரும் வழியில் கடற்கரையில் மேரி கட்டடத்தைக் காட்டினான். பழைய நகராட்சிக் கட்டடம். 1870 வாக்கில் கட்டியது. 2014 நவம்பர் மழையில் ஒரு நாள் அப்படியே சரிந்து விழுந்தது. நம் பேப்பரிலும் படம் வந்திருக்கும். அப்புறம் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021-ல் திறந்தார்கள். கோட்டையைப் பகைவன் வெடி வைத்துத் தகர்த்தான். இதைத் தகர்க்க யாரும் வரவில்லை, மழை போதுமாக இருந்தது. புதுச் சுவர் அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் கை வைத்துப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது நம் உதயகிரி மதில்.

ஊருக்கு வந்த கையோடு புலியூர்க்குறிச்சிக்குப் போனேன். எத்தனையோ தடவை போன இடம்தான். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகிற ரோட்டில், தக்கலைக்குச் சற்று முன்னாலேயே கோட்டை வந்துவிடும். தினமும் ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸில் அதைக் கடந்து போகிறார்கள். பக்கத்திலேயே முட்டிடிச்சான் பாறை, தேவசகாயம் பிள்ளையின் பேரில் ஜனம் வந்து கும்பிடுகிற இடம். அவருக்கு 2022-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு அங்கே வெளியூர் வண்டிகள் அதிகம். தேவசகாயம் பிள்ளை யாரிடமிருந்து வேதம் கேட்டார் என்று கேட்டால் வருகிறவர்கள் எல்லாரும், டச்சுப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் ராஜாவிடம் சேர்ந்த டிலனாயின் பெயரைச் சொல்கிறார்கள். அந்த டிலனாய் வாழ்ந்த கோட்டையும் படுத்திருக்கிற கல்லறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு.

கோட்டைக்குள் இப்போது பூங்கா இருக்கிறது. மான் இருக்கிறது, மரம் நிறைய இருக்கிறது, பிள்ளைகள் விளையாட வசதி இருக்கிறது. நல்லதுதான். நான் அதற்கு எதிரி இல்லை. அந்த மரங்கள் உள்ளே நிற்கட்டும். மதில் மேல் நிற்கிற மரம்தான் என் பிரச்சினை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டை யார் கட்டியது என்று கேட்டால் பாதிப் பேர் "டச்சுக்காரன் கட்டினது" என்பார்கள். கட்டியது திருவிதாங்கூர் அரசு. மார்த்தாண்டவர்மா காலம். முன்பே இங்கே ஒரு பழைய கோட்டை இருந்தது. 1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. நம் ஊர்க் கடற்கரையில், நம் மீனவர்களும் துணை நின்று தோற்கடித்த படை. அதில் பிடிபட்டவர்தான் யூஸ்டாசியஸ் பெனடிக்டஸ் டிலனாய். ராஜா அவரைக் கொல்லவும் இல்லை, விரட்டவும் இல்லை. கூடவே வைத்துக்கொண்டு படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். அவரும் சளைக்காமல் செய்தார். வலிய கப்பித்தான் என்று பேர் வாங்கினார். உதயகிரியைக் கருங்கல்லில் பலமாக எடுத்துக் கட்டியது அவர் மேற்பார்வையில், 1741-க்கும் 1744-க்கும் நடுவில். பீரங்கி வார்க்கிற உலையும் வெடிமருந்துச் சாலையும் உள்ளேயே இருந்தன. புதுச்சேரியில் டூப்ளே கவர்னராக வந்து உட்கார்ந்தது 1742. அதாவது அங்கே அவர் கொடி கட்டிப் பறந்த அதே நேரத்தில் இங்கே நம் ஆட்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கோட்டை மண்ணோடு மண்ணான பிறகும் டிலனாய் இங்கே பதினாறு வருஷம் உயிரோடு இருந்தார்.

கல்லறை உள்ளே, கூரை போன பழைய தேவாலயத்தில் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். லத்தீனில் என்ன இருக்கிறது என்று ஒரு பாதிரியார் எனக்குச் சொல்லித் தந்தார். வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. முப்பத்தேழு வருஷம் அரசருக்கு உண்மையாக ஊழியம் செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை அவருக்குக் கீழ்ப்படுத்தியவர், அறுபத்திரண்டு வயதும் ஐந்து மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று காலமானவர் என்று போகிறது. மனைவியும் மகனும் பக்கத்திலேயே. மகன் களக்காட்டுச் சண்டையில் இறந்த பையன். எழுத்து வெட்டின கை நல்ல கை. ஆழம் எங்கும் ஒரே சீராக இருக்கிறது. இத்தனை மழைக்கும் வாசிக்க முடிகிறதென்றால் காரணம் அதுதான். அந்தக் கல்தச்சன் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. அது எப்போதும் உள்ளதுதான்.

இந்தக் கோட்டையை யாரும் வெடி வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1809-ல் திருவிதாங்கூர் தளவாயாக இருந்த வேலுத்தம்பி ஆங்கிலேயரை எதிர்த்தபோது அவர்கள் ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய சண்டை இல்லாமல் அவர்கள் கைக்குப் போயின. தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி மண்ணடிக்குப் போய் உயிரை விட்டார். கோட்டை தப்பித்தது. ஆக, புதுச்சேரிக்கு நேர்ந்தது நமக்கு நேரவில்லை. மதில் நிற்கிறது, மலை நடுவில் நிற்கிறது, கல்லறை இருக்கிறது. போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

பீரங்கியைத் தாங்குகிற மதில் என்பது வெறும் கல் சுவர் இல்லை. வெளிமுகத்தில் கருங்கல். அதற்குப் பின்னால் மண்ணும் கல்துண்டும் போட்டு இறுக்கின மேடு. குண்டு வந்து விழுந்தால் கல் சிதறினாலும் மண் அதை விழுங்கிக்கொள்ளும். மழை பெய்தால் அந்த மண் தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். சுண்ணாம்புச் சாந்து வைத்த இடுக்கு வழியாக அது மெல்லக் கசிந்து, வெயிலில் உலர்ந்துவிடும். பழைய ஆட்கள் கணக்குப் போட்டுக் கட்டியது அப்படித்தான். அதே இடுக்கில் சிமென்ட் வைத்து அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். நின்றால் மண் கனக்கும், கல்லைப் பின்னாலிருந்து தள்ளும். வெளியே இருந்து பார்த்தால் சுவர் வயிறு ஊதின மாதிரி தெரியும். அதற்கப்புறம் சுவரைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

இது புத்தகத்தில் படித்தது இல்லை. பத்மநாபபுரம் பக்கத்தில் ஒரு பழைய வீடு. வெட்டுகல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே ஓடு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்து பணத்தோடு வந்தார். "அண்ணே, பழசெல்லாம் கொத்திப் போட்டுட்டு சிமென்ட்ல வழுவழுன்னு பூசித் தாங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். சுவர் மூச்சு விடாது, ஈரம் உள்ளே நிற்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்குச் சரிப்படவில்லை, வேறு ஆளை வைத்துப் பூசிக்கொண்டார். நாலைந்து மழைக்காலம் போயிருக்கும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குச்சியால் சுவரைத் தட்டினேன், எங்கே தட்டினாலும் பொள்ளல் சத்தம். ஓர் இடத்தில் நகத்தை விட்டுப் பேர்த்ததும் ஒரு பலகை அகலத்துக்குப் பூச்சு கையோடு வந்தது. உள்ளே கல் ஈரத்தில் ஊறி, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. நூறு வருஷம் நின்ற சுவர் அது.

சுண்ணாம்பு வேலை சுலபம் என்று சொல்லமாட்டேன். கடல் சிப்பியைச் சூளையில் சுட்டு எடுத்து, தண்ணீர் விட்டு நீற்றி, நாள்கணக்காக ஊறப்போட வேண்டும். அதை மணலோடு சேர்த்துச் செக்கில் போட்டு, வெண்ணெய் பதம் வரும்வரை அரைக்க வேண்டும். கடுக்காயையும் கருப்பட்டியையும் தனியாக ஊறவைத்து, புளித்த தண்ணீரை அதில் விடுவார்கள். எங்கள் ஆசான் கருப்பட்டி வந்து இறங்கியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் பானையில் போட்டுக் கரைத்துவிடுவார். விட்டால் மைக்காட்டுப் பையன்கள் ஆளுக்கு ஒரு துண்டாக வாயில் போட்டு முடித்துவிடுவோம். இப்போது கருப்பட்டி விற்கிற விலைக்கு ஆசானே எடுத்துத் தின்றிருப்பார்.

சிமென்ட் மறுநாளே கல்லாகிவிடும். சுண்ணாம்புக்கு அந்த அவசரம் கிடையாது. காற்றிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து, மெல்ல மெல்லத் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறும். மாதக்கணக்கு ஆகும், உள்ளே ஆழத்தில் வருஷக்கணக்கு. அதுவரை சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கூடவே அசைந்து கொடுக்கும். மயிரிழை வெடிப்பு விட்டால், மழைத் தண்ணீரில் கரைகிற சுண்ணாம்பே இறங்கி அதை அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் இன்றைய இன்ஜினியர்களுக்கும் தெரியும். பழைய கோவில்களிலும் அரண்மனைகளிலும் இப்போது சுண்ணாம்பில்தான் பழுது பார்க்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப் பார்த்து வாய் பிளக்காதவர் உண்டா? சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். அதற்கு ஒரு நடை தூரத்தில் இருக்கிற கோட்டைக்கு ஒரு சட்டி சுண்ணாம்பு கிடைக்கவில்லை.

மரம் விஷயம் இன்னும் மோசம். காக்காயும் மைனாவும் ஆலம்பழத்தைத் தின்றுவிட்டு மதிலில் வந்து உட்காரும். எச்சத்தில் இருக்கிற விதை கல்லிடுக்கில் விழும். முதல் வருஷம் நாலு இலை. யாருக்கும் கண்ணில் படாது. அப்போது விரலால் கிள்ளி எறிந்துவிடலாம், செலவே கிடையாது. மூன்றாம் வருஷம் கத்தி வேண்டும். பத்தாம் வருஷம் வேர் கல்லுக்குப் பின்னால் போய், மண்ணில் இறங்கி, தொடை கனத்துக்குப் பெருத்து, கல்லை வெளியே நெம்பும். நான் இப்போது போனபோது கைக்கனத்தில் சில மரங்கள் பார்த்தேன், அதைவிடப் பெரிதும் ஒன்றிரண்டு உண்டு.

துப்புரவுக்கு வருகிற ஆட்கள் மேலே தெரிகிற கிளையை வெட்டிவிட்டுப் போகிறார்கள். மதில் சுத்தமான மாதிரி இருக்கும். ஆனால் வெட்டிய ஆல் சாகாது. ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும், உள்ளே வேர் இன்னும் தடிக்கும். ஆண்டுதோறும் கிளை கழிக்கிற மதில், கழிக்காத மதிலைவிடச் சீக்கிரம் விழும் என்றுகூடச் சொல்வேன். வேறு சிலர் கயிறு கட்டி இழுத்துப் பிடுங்கப் பார்ப்பார்கள். மரம் வரும், கூடவே ஐந்தாறு கல்லும் வரும். அப்படிச் செய்யக் கூடாது. அடியோடு அறுத்து, அடிக்கட்டையில் துளை போட்டு மருந்து விட்டு, வேர் முழுக்கச் செத்து உலரும்வரை காத்திருக்க வேண்டும். செத்த வேரை எட்டுகிற மட்டும் துண்டு துண்டாக எடுத்து, அந்தப் பொந்தைக் கல்துண்டும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து உள்ளிருந்து வெளியே திணித்துக்கொண்டு வர வேண்டும். அசைந்த கல்லைப் பழைய இடத்தில் பழைய முகம் தெரிய வைக்க வேண்டும். பெரிய மரமாகி வேரே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் இருந்தால் அதைத் தொடும் முன் விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். அங்கே அவசரப்பட்டால் மொத்தமும் வரும்.

எந்தத் துறை, யார் பொறுப்பு என்று பேர் எழுதி வம்பு வளர்க்க நான் வரவில்லை. கேட்டுப் போன இடத்தில் ஓர் அலுவலர் மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார். "இது எங்க கையில மட்டும் இல்லை ஐயா, நாங்க ஒரு செடியைப் புடுங்கணும்னாலும் இன்னொரு இடத்துல கேக்கணும்" என்றார். இன்னொரு இடத்தில் கேட்டால் முந்தின இடத்தைக் கைகாட்டுகிறார்கள். மரத்துக்கு ஒருவர், கல்லுக்கு ஒருவர் என்றால் கல்லுக்குள் முளைத்த மரத்துக்கு யார்? இதைத் தீர்க்க மாவட்ட ஆட்சியர் ஒருவரால் முடியும். எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினால் முடிகிற காரியம்.

வட்டக்கோட்டையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதே மார்த்தாண்டவர்மா காலம், அதே டிலனாய் கை. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உப்புக் காற்றில் இருந்தும் சுவர் ஒழுங்காக இருக்கிறது, ஏறிப் பார்க்கப் படி இருக்கிறது, சாயங்காலம் ஆனால் கூட்டம். செய்ய முடியாத வேலை இல்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

ரோட்டில் பள்ளம் கிடக்கிறது, கோட்டைக்குப் பணமா என்று கேட்பார்கள். இதே நம் மாவட்டத்தில் மலைகளை உடைத்து லாரி லாரியாக எல்லை தாண்டி அனுப்புவதைத் தினமும் ரோட்டோரம் நின்று பார்க்கிறோம். அந்தக் கல்லுக்கு விலை போடத் தெரிகிறது. 1741-ல் கையால் உளி பிடித்து உடைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி வைத்த கல்லுக்கு விலை போடத் தெரியவில்லை. பள்ளத்தையும் மூடட்டும், அதற்கும் நானே இன்னொரு கடிதம் எழுதத் தயார்.

பணம் என்று பார்த்தாலும் இதில் பெரிய பொருள்செலவு கிடையாது. சிப்பி நம் கடற்கரையில் கிடைக்கிறது, மணல் கிடைக்கிறது, கருப்பட்டி நம் ஊர்ச் சரக்கு. செலவில் பெரும்பங்கு கூலிதான். அந்தக் கூலி நம் பையன்களுக்கே போகும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆட்கள் நம் பகுதியில் இன்னும் சிலர் இருக்கிறோம், எல்லாரும் வயசானவர்கள். மதிலில் வேலை நடக்கும்போது ஐ.டி.ஐ. பிள்ளைகளைக் கூட நிறுத்தினால் தொழிலும் கைமாறும். எங்களில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

வாசலில் ஒரு பலகையும் வேண்டும். கோட்டையைக் கட்டியது யார், எந்த வருஷம், உலை எங்கே இருந்தது, கல்லறைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில். முட்டிடிச்சான் பாறைக்கு வருகிற பஸ்காரர்கள் கண்ணில் படுகிற மாதிரி ரோட்டோரம் இன்னொன்று. பேரன் அடுத்த லீவில் வருகிறான். மதிலும் மூலையும் உள்ள கோட்டை ஒன்று அவனுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக நாள் கணக்கு. மரத்துக்கு இப்போது மருந்து விட்டால்தான் வேர் உலர அவகாசம் இருக்கும். அதற்குள் ஒருபக்கம் சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டுவிடலாம். சாந்து வைத்த பிறகு சில வாரமாவது பெருமழை படாமல் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் புதுச் சுண்ணாம்பு நிற்காது, கரைந்து ஓடிவிடும். ஆகையால் ஆவணி பாதிக்குள் வேலை தொடங்க வேண்டும். அது தவறினால் இந்த வருஷம் மரத்தை மட்டும் அறுத்து மருந்து விட்டுவிட்டு, சாந்து வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இடையில் யாராவது நல்லது செய்கிறோம் என்று சிமென்ட் மூட்டையோடு வந்தால் மட்டும் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
கொத்தனார் ஒருவர்,
வில்லுக்குறி, கன்னியாகுமரி மாவட்டம்.